பச்சை மையில் ஒரு வீடு

“பத்து மணிக்குக் கரண்ட் போவுது சார், சாயந்தரமா வாங்க” என்று சொன்னால் மற்றவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். அந்த எழுத்தாளர் போகமாட்டார். வாசலிலேயே நின்று, “யாரு சொன்னது?” என்பார். எதிர்க்கடைக்காரர் சொன்னார் என்றால், “அவருக்கு யாரு சொன்னது?” என்பார். பேப்பரில் வந்திருக்கிறது என்று எடுத்துக் காட்டினால்தான் முகம் தெளியும். அப்போதும் தேதியைப் பார்ப்பார். ஆரணியில் எந்தெந்தத் தெரு என்று விரல் வைத்துப் படிப்பார். “சரிதான், அப்புறமா வரேம்மா” என்று அவர் செருப்பை மாட்டுவதற்குள் மணி பத்தாகிக் கரண்டும் போயிருக்கும்.

நான் டிடிபி சென்டர் வைத்த புதிது அது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த முதல் புத்தக வேலை அவருடைய சரித்திர நாவல்தான். முந்நூறு பக்கத்துக்கு மேல் கையால் எழுதி, பட்டுப்புடவை வைக்கிற அட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாப் பக்கத்திலும் இரண்டு மை. பாதி கறுப்பு, பாதி பச்சை. ஒரே வாக்கியத்துக்குள்ளேயே மை மாறும்.

“இன்னா சார் இது, ஒரு பேனாவுல இங்க் தீர்ந்துடுச்சா?”

அவர் சிரிக்கவில்லை. “கறுப்பெல்லாம் ஆதாரம் இருக்கிறதும்மா. கல்வெட்டுல பார்த்தது, செப்பேட்டுல படிச்சது, நான் நேர்ல போய்த் தொட்டது. பச்சை என் மனசுல இருந்து வந்தது.”

‘கோட்டையின் தெற்கு வாசலில் ராணி அழுதுகொண்டிருந்தாள்’ என்று ஒரு வரி. கோட்டையும் தெற்கு வாசலும் கறுப்பு. ராணியும் கறுப்பு. அழுதது மட்டும் பச்சை.

“டைப் பண்ணா எல்லாமே கறுப்பாத்தான் சார் வரும்.”

“வரட்டும். அட்டையில நாவல்னு கொட்டை எழுத்துல போட்டுடறோம், படிக்கிறவங்க புரிஞ்சுக்குவாங்க. எது எதுன்னு எனக்கு மறந்துடக் கூடாது. அதுக்குத்தான் இந்த ரெண்டு பேனா.”

இரண்டு பேனாவும் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். என் கடையில் உட்கார்ந்து புரூஃப் திருத்தும்போது ஒன்றை மூடி மற்றதைத் திறந்துகொண்டே இருப்பார். டக், டக் என்று அந்த மூடிகளின் சத்தம் கேட்டுக்கொண்டே நான் டைப் அடிப்பேன். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போதும் கடையில் யாராவது பேனாவை மூடினால் நிமிர்ந்து பார்த்துவிடுகிறேன்.

பிழைப்புக்கு அவர் பட்டுப்புடவைக்கு டிசைன் வரைந்து கொடுத்தார். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிறம் அடைப்பார். அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் தறியில் மாட்டுகிற அட்டையில் ஓட்டை குத்துவார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் அதையும் கற்றுக்கொண்டு என் கடையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து போட்டார். கோயில் தூண்களில் பார்த்த யாளியும் கொடியும் அன்னமும் அவர் கையில் பார்டராக மாறும். வந்தவாசிப் பக்கம் சமணர் ஊர்களில் ஒரு கல்லைப் பார்க்க பஸ் மாறி மாறிப் போய், பகல் முழுக்க வெயிலில் நின்று வரைந்துவந்த ஒரு தாமரையை, ஒரே ஒரு முந்தானைக்குக் கொடுத்தார்.

ஒருமுறை ஒரு பட்டுக்கடை முதலாளி என் கடைக்கே வந்து அவரிடம் ஒரு யோசனை சொன்னார். “சார், இந்த டிசைனை அந்தக் காலத்துல ஆரணி ஜாகீர்தார் வீட்டு ராணி கட்டிகினு இருந்தாங்கன்னு ஒரு கார்டு போட்டு புடவையோட வச்சிடலாம். உங்க பேரையும் போடறேன். சரித்திர எழுத்தாளர் சொன்னா யாரு இல்லேம்பாங்க?”

“எந்த ராணி?”

“ஏதோ ஒரு ராணி சார். நீங்கதான் ஒருத்தரைச் சொல்லுங்களேன்.”

அவர் கிராஃப் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த முதலாளி அப்புறம் அவரிடம் டிசைன் கேட்கவே இல்லை. “ஒரு கார்டுதானே சார், கத போனாப் போவுது” என்று நான் சொன்னதற்கு, “கார்டு கிழிஞ்சுடும்மா, கதை கிழியாது” என்றார். அன்றைக்கு அதை ஒரு முசுட்டுப் பேச்சாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

அவர் வீட்டுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். கூடம், படுக்கையறை, சமையலறை மேல்தட்டு, எங்கும் புத்தகம். சுவரில் அவரே பென்சிலால் வரைந்த சிற்பங்கள். “ராஜாங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு பீரோ. எனக்கு ஒரு ஆணி, அதுல ஒரு மஞ்சப்பை” என்றார் அவர் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை. இவர் அந்தப் பக்கம் புத்தகத்தைத் தேடியபடியே, “ஆணி ரெண்டு” என்றார்.

அவர் சறுக்கிய ஒரே இடம் சேத்துப்பட்டு போகும் வழியில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் ஏரிக்கரை. அங்கே புதருக்குள் ஒரு பலகைக்கல் சாய்ந்து கிடந்தது. அதில் ஒரு பெண் வலது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். காலடியில் ஒரு குடம். கீழே எழுத்து இருந்து தேய்ந்துபோயிருக்கிறது. ஊரார் அதன்மேல் துணி துவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தேய்ந்த எழுத்தைப் படிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். தண்ணீர் ஊற்றிக் கழுவி, மைதா மாவைத் தூவி, கையால் தேய்ப்பார். பள்ளத்தில் மாவு நின்று எழுத்து வெள்ளையாகத் தெரியும். அப்படி நான்கு நாள் போய்ப் பார்த்தும் இரண்டு எழுத்துக்கு மேல் தெரியவில்லை.

ஊரார் தூரத்திலிருந்து பார்த்தார்கள். படித்த மனிதர் ஒருவர் ஆரணியிலிருந்து வந்து, கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி, மாவு போட்டு, உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். ஐந்தாம் நாள் கல் நிமிர்ந்து நின்றது. துணி இல்லை. மஞ்சள் பூசியிருந்தார்கள். இதை என்னிடம் வந்து சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த வருடம் அந்த ஊர் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. சிறப்பு மலர் போட்டார்கள். மலர்க் குழுச் செயலாளர் அவரிடம் வந்து, எங்க ஊர்க் கல்லைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். அவர் எழுதினார். கல், பெண், தூக்கிய கை, குடம், இரண்டு எழுத்து, ஏரி. இவ்வளவுதான் கறுப்பு, முக்கால் பக்கம்கூட வரவில்லை. மற்றதெல்லாம் பச்சை. அவளுக்குக் கரைகாத்தாள் என்று பெயர் வைத்திருந்தார். ஆரணிப் பட்டைக் கொள்ளையடிக்க ஒரு குதிரைப்படை வருகிறது. மடையைத் திறந்து வழியை வெள்ளமாக்கித் தடுக்க அந்தப் பெண் ஓடிவருகிறாள். மடைக்காரன் முன்பே குதிரைக்காரர்களிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டு மடையைத் திறக்க விடுவதில்லை. ‘உன் வாசலில் விளக்கு நிற்காது’ என்று கையைத் தூக்கிச் சாபம் விட்டு, அவள் மடைக்குள் குதித்துத் தன் உடம்பாலேயே கதவை உடைக்கிறாள்.

டைப் அடிக்கும்போது எனக்குக் கண்ணீர் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவர் பச்சையில்தான் நன்றாக எழுதுவார். கறுப்பில் எழுதும்போது தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா மாதிரி இருக்கும்.

கைப்பிரதியின் ஓரத்தில் எனக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார். ‘இது நாவல் இல்லை, கோயில் மலர். பச்சை முழுவதையும் சாய்ந்த எழுத்தில் போடவும். கடைசியில் இந்த வரி கட்டாயம்: சாய்ந்த எழுத்தில் இருப்பவை என் கற்பனை.’ கட்டாயம் என்பதன் கீழே இரண்டு கோடு.

போட்டேன். அந்த ஃபாண்டில் தமிழைச் சாய்த்தால் காற்றடித்து விழுந்த வேலி போல இருந்தது. நாலு பக்கமும் அப்படிப் பார்க்கச் சகிக்கவில்லை. அச்சுக்குப் போகிற அன்று காலையில் செயலாளர் ஒரு பட்டுக்கடை விளம்பரத்தோடு ஓடிவந்தார். அரைப் பக்கம் வேண்டும், இப்போதே வேண்டும், ஜல்தி ஜல்தி என்று தலைமேல் நின்றார். எழுதியவர் அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் போயிருந்தார். நான் எழுத்தை எல்லாம் நிமிர்த்தினேன். கடைசிப் பக்கத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஏற்கெனவே காலியாக இருந்தது, நிமிர்த்தியதும் இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தது. போதவில்லை. கடைசி வரியை எடுத்தேன். விளம்பரம் கச்சிதமாக உட்கார்ந்தது. இவ்வளவு நல்ல கதையைப் போய்ப் பொய் என்று எதற்குச் சொல்லவேண்டும் என்றும் உள்ளுக்குள் நினைத்தேன். அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

மலர் வந்து இரண்டு மாதத்தில் கல்லுக்குக் கூரை போட்டார்கள். கரைகாத்தாள் என்ற பெயரில் ஒரு ஆட்டோ ஓடியது. அதுவரை பரவாயில்லை. அந்த ஊரில் ஏரி மடையைத் திறந்து மூடும் வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் வீடு ஒன்று இருந்தது. ஒரே ஒரு வீடு. எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்டவர் அந்த வீட்டில் இப்போதும் ஆள் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்கவில்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்குச் செய்யாறு பக்கத்தில் பேசி முடித்து, தட்டும் மாற்றியிருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா மலரைப் படித்துவிட்டு, விளக்கு நிற்காத வீட்டில் பெண் எடுக்கவேண்டாம் என்று சொல்லித் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவருக்கு விஷயம் தெரிந்து, அச்சான மலரை அப்போதுதான் பிரித்துப் பார்த்துவிட்டு என் கடைக்கு வந்தபோது சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தார்.

“அம்மா, அந்தக் கைப்பிரதி வேணும். ரெண்டு மையும் தெரியற மாதிரி அந்த வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டிடறேன்.” பிறகு, என்னைக் குற்றம் சொல்வதுபோல ஆகிவிடக் கூடாதே என்று அவசரமாக, “சாய்ந்த எழுத்துன்னு எழுதணும்னு நெனச்சேன், எழுதாம விட்டுட்டேன் போல. என் தப்புதான்” என்றார்.

கைப்பிரதி என் மேஜையின் கீழறையில் இருந்தது. ஓரத்தில் அவர் எழுதிய குறிப்பும் இரண்டு கோடும் அதில் இருந்தன. எடுத்துக் கொடுத்தால் அவருடைய தப்பு இல்லை, என்னுடைய தப்பு என்று ஊருக்கே தெரிந்துவிடும். கடை வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“வேஸ்ட் பேப்பரோட போயிடுச்சு சார்” என்றேன்.

“சரிம்மா, பரவாயில்ல” என்றார்.

யார் சொன்னது, எப்போது போட்டாய், எந்தக் கடையில் போட்டாய் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் வாழ்நாளில் ஆதாரம் கேட்காமல் நம்பியது என்னை மட்டும்தான் என்று நினைக்கிறேன். 

வெறுங்கையோடு போனார். மாப்பிள்ளை வீட்டில், “நீங்களே எழுதிட்டு நீங்களே இல்லேன்றீங்களே, இல்லேன்றதுக்கு இன்னா சார் ஆதாரம்?” என்று கேட்டார்களாம். கோயில்காரர்கள், மடைக்காரர் வீட்டில் அழுது இவர் மனசை இளக்கிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். செயலாளர் ஒருபடி மேலே போய், “சாருக்குத் தன்னடக்கம்” என்றார்.

கடைசியாக மடைக்காரர் வீட்டுக்கே போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். திரும்பி வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ வாங்கிவரச் சொன்னேன், அது ஆறி ஏடு கட்டியது.

“அந்த வீட்டுப் பெரியவர் கால்ல விழாத குறையா சொன்னேம்மா. அய்யா, இது நான் கட்டின கதை, உங்க வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு. அவரு என் கையைப் புடிச்சிக்கினு இன்னா சொன்னாரு தெரியுமா? ‘நீங்க ஏன் சார் வருத்தப்படறீங்க? உள்ளதைத்தான் எழுதினீங்க. எங்க தாத்தாவே சொல்லியிருக்காரு. சின்ன வயசுல என்னைத் தோள்மேல உக்கார வச்சிகினு அந்தக் கரை மேல போவும்போதெல்லாம் சொல்லுவாரு, நம்ம முப்பாட்டன் பண்ண பாவம்டான்னு.’ ”

ஆறின டீயை எடுத்து ஓரமாக வைத்தேன்.

“அவரு பொய் சொல்லலம்மா. அவரு கண்ணைப் பார்த்தேன். அவருக்கு அந்தத் தாத்தா, அந்தத் தோளு, எல்லாம் தெரியுது.”

சட்டைப் பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு அதை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அப்போதாவது நான் கீழறையைத் திறந்திருக்கலாம். கை அறைப்பிடி வரைக்கும் போனது. அவர் தெரு திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகும் அவர் எழுதினார். கறுப்பு மட்டும். இந்த ஊர், இந்தக் கல், இத்தனை அடி உயரம், இன்ன எழுத்து. அச்சடிக்கக் கொண்டுவந்தபோது பன்னிரண்டு பக்கம்தான் இருந்தது. கோட்டைத் தெற்கு வாசலில் அழ யாரும் இல்லை. சில வருடங்கள் கழித்து நெஞ்சு வலி என்று வேலூருக்குக் கொண்டுபோனார்கள். திரும்பக் கொண்டுவந்த அன்று அவருடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நான்தான் அடித்தேன். பிறந்த தேதியை மூன்று பேரிடம் கேட்டுச் சரிபார்த்தேன். பச்சைப் பேனா அப்போது மேஜைமேல் பேனா டப்பாவில் நின்றுகொண்டிருந்தது.

போன மாசியில் செயலாளர் மறுபடியும் வந்தார். தலை நரைத்துவிட்டது, அவசரம் நரைக்கவில்லை. கரைகாத்தாள் கோயிலுக்குக் கருங்கல்லில் தலவரலாறு வெட்டி வைக்கப்போகிறார்களாம்.

“அதே மேட்டர்தான்மா. கல்லு வெட்டறவருக்கு எழுத்துப் பெருசா அடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா போதும். கல்வெட்டுல ஏறிட்டா அப்புறம் எவன் கேக்கப்போறான்?”

கல்வெட்டு என்ற சொல்லைக் கேட்டதும் டைப் அடிப்பதை நிறுத்தினேன். அவருக்குக் கறுப்பு மை என்றால் கல்வெட்டுதான். அவருடைய பச்சை கல்லில் ஏறப்போகிறது. கீழறையைத் திறந்து, பதினோரு வருடம் கழித்து, கைப்பிரதியை வெளியே எடுத்தேன். செயலாளர் முன்னால் விரித்து, எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்தை நிமிர்த்தியது நான், வரியை எடுத்தது நான், ஒளித்து வைத்ததும் நான். இதோ அவர் கையெழுத்து, பச்சை எல்லாம் கற்பனை என்று அவரே எழுதியிருக்கிறார், பாருங்கள்.

செயலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஓரக் குறிப்பில் கண் நிற்கவே இல்லை. முகம் மலர்ந்துகொண்டே போனது.

“ஏம்மா, பச்சை இங்க்ல எழுதியிருக்காரே! எங்க ஆபீஸ்ல கெஜட்டட் ஆபீசருங்கதான் பச்சையில கையெழுத்துப் போடுவாங்க. அட்டெஸ்ட் பண்ண மாதிரி இல்ல இருக்குது! இதை ஃபிரேம் போட்டுக் கோயில்ல மாட்டலாமே, குடுங்க.”

பிடுங்கித்தான் வைத்துக்கொண்டேன். “எதுக்கும்மா பேஜார் பண்ணிகினு” என்று சொல்லிவிட்டு, சேத்துப்பட்டில் வேறொரு கடையில் அடித்துக்கொண்டார். கல் வந்து நட்டாகிவிட்டது. பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். எழுத்தெல்லாம் நிமிர்ந்து நிற்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மடைக்காரர் வீட்டுக்குப் போனேன். பெரியவருக்கு எண்பதை நெருங்கியிருக்கும். தட்டு திரும்பி வந்த அவர் மகள் வீட்டில் இருந்தாள். செய்யாறு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை, அதிகாலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறாள். கல்யாணம் ஆகவில்லை. மலர் வந்த பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர்கள் வீட்டிலிருந்துதான் கல்லுக்கு எண்ணெய் போகிறதாம், பாவம் கழிய.

கைப்பிரதியை அவளிடம் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஓரக் குறிப்பைப் படித்தாள். கறுப்பை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு வாய்விட்டுப் படித்தாள். கல், பெண், கை, குடம், இரண்டு எழுத்து, ஏரி. தாளைத் திருப்பினாள். மடைக்காரன் வருகிற இடத்தில் கறுப்பு ஒரு புள்ளிகூட இல்லை.

“அந்த சார் எங்க வூட்டுக்கு வந்து அப்பா கையைப் புடிச்சாரே, அன்னிக்கும் இது உங்ககிட்டதான் இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தாள்களை அடுக்கி, அப்பாவிடம் கொண்டுபோய், சத்தமாகச் சொன்னாள். “நம்ம வூட்ல யாரும் ஒண்ணும் பண்ணலப்பா. எல்லாம் அந்த சார் கட்டின கதை. அவரே எழுதி வச்சிருக்காரு, பாரு. இனிமே எண்ணெய் எடுத்துகினு போவ வேணாம்.”

பெரியவர் தாளை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பச்சையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நான் காத்திருந்தேன். அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியே தெரிந்த ஏரிக்கரையைப் பார்த்தார்.

“அப்போ எங்க தாத்தா என்னைத் தோள்மேல வச்சிகினு அந்தக் கரையில போவும்போது இன்னாதான் சொல்லிகினு வந்தாரு?” என்று கேட்டார்.